நிருஷா வீட்டு மோதகம்

“வெள்ளைய எடுக்காதீங்க அம்மா. இந்த வருசம் அது வேணாமாம்.”

அலுமாரியின் மேல்தட்டுக்கு எட்டிய செல்வமலரின் கை பாதியில் நின்றது. திரும்பி மகளைப் பார்த்தாள். மேசையில் ஊரார் மினுக்கத் தந்த இருபது சேட்டுக்குப் பக்கத்தில் அயன் சூடாகிக்கொண்டிருந்தது.

“வேணாமா? ஆரு சொன்னது?”

“டீச்சர்.”

“நம்மள விட்டா ஆருகா வெள்ளை கட்டுவா? என்ன கதை இது?”

நிருஷாவுக்குப் பதினொரு வயது. பொய்யே சொல்லாத பிள்ளை என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் பல் தீட்டிவிட்டேன், கணக்குச் செய்துவிட்டேன் என்ற சில்லறை வகை. இன்றைக்குச் சொல்லப்போவது மொத்த வியாபாரம்.

“வெள்ளைக்குப் பதிலா நம்மளுக்கு மோதகம் போட்டிரிக்காங்க. அம்பது.”

செல்வமலர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“மோதகமா? நம்மட வீட்டில அவிச்சா? அங்க எல்லாரும் தின்னவா?”

“ஓம் அம்மா.”

செல்வமலர் எழுந்து போய் அயனை நிறுத்தினாள். இருபது சேட்டு காத்திருக்கும்போது அவள் அயனை நிறுத்தியதை நிருஷா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டாள். அந்த நிமிடமே பொய்யைத் திருப்பி எடுத்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் அம்மா அதற்குள் பயற்றுப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கலடிச் சந்தியிலிருந்து வாவிப்பக்கம் இறங்கினால் வரும் ஊர் அது. ஊரில் கோயிலானாலும் கலியாண வீடானாலும் செத்த வீடானாலும், கூரைக்குக் கீழே வெள்ளைத்துணி கட்டுவது நிருஷா வீட்டாரின் வேலை. கட்டாடி வீடு என்றுதான் ஊர் சொல்லும். ஊரின் அழுக்கை வாங்கி, வெளுத்து, மடித்து, திருப்பிக் கொடுத்து வந்த வீடு. அப்பா இப்போது கட்டார் நாட்டில் ஒரு ஹோட்டலில் அதே வேலையைத்தான் பார்க்கிறார். அங்கே ஏழு நாட்டுக்காரர்கள் ஒரே தட்டில் கைபோட்டுத் தின்கிறார்களாம். போனில் அவர் இதைச் சொன்னபோது செல்வமலர் நம்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் நவராத்திரிக்கு வாணி விழா வரும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாள். அந்த நாளுக்கு யார் வீட்டிலிருந்து என்ன வரவேண்டும் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதுவார். அவல், கடலை, பொங்கல், வாழைப்பழம். பெயர்களும் பண்டங்களும் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். ஒரு வரி மட்டும் மாறாது: வெள்ளை – நிருஷா. முதலாம் ஆண்டிலிருந்து இந்த ஆறாம் ஆண்டு வரைக்கும் அவளுக்கு அது நிரந்தர நியமனம். அரசாங்க உத்தியோகத்தில்கூட இடைக்கிடை ஓர் இடமாற்றமாவது வரும்.

சின்ன வயதில் அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. சரஸ்வதியின் தலைக்கு மேலே என் வீட்டுத் துணி! மூன்றாம் ஆண்டில்தான் விளங்கியது. அவள் வீட்டுத் துணி சரஸ்வதிக்கு ஆகும். அவள் வீட்டுச் சோறு சரஸ்வதியின் பக்தர்களுக்கு ஆகாது. ‘சீ’ என்று யாரும் சொன்னதில்லை. அவளோடு விளையாடுவார்கள், அவளுடைய கொப்பியைப் பார்த்து எழுதுவார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றில் ஏதாவது வந்துவிடும்.

கேதுஷாவுக்கும் அப்படித்தான். ஒரே வாங்கில் பக்கத்தில் இருப்பவள், உயிர்ச் சிநேகிதி. தன் பெட்டியிலிருந்து நிருஷாவுக்கு அரைவாசி கொடுப்பாள். நிருஷா தன் பெட்டியை நீட்டினால், “எனக்கு வயிறு சரியில்லடி” என்பாள். ஆறு வருடமாகச் சரியில்லாத வயிறு. இப்படியொரு வயிற்றை வைத்துக்கொண்டு அவள் எப்படித்தான் ஓட்டப்போட்டியில் முதலாவதாக வருகிறாள் என்று நிருஷா யோசித்ததுண்டு.

இந்த முறை கேதுஷாவின் பெயருக்கு நேரே மோதகம் விழுந்தது.

“எங்கட அம்மாக்கு மோதகம் அவிக்கத் தெரியா. கந்தோர் வேலையால வந்து என்னை ஏசப்போறா” என்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

நிருஷாவின் தலைக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

“நான் கொண்டு வாறன்.”

“நீயா?”

“எங்கட அம்மா அவிச்சுத் தருவா. நீ உங்கட வீட்டதெண்டு சொல்லு. உங்கட அம்மாட்ட மோதகம் வேணாமாமெண்டு சொல்லிடு.”

கேதுஷா கண்ணை உருட்டினாள். “ஆரும் கண்டுபிடிச்சா?”

“மோதகத்தில பேரா எழுதியிரிக்கு?”

“உனக்கு என்னடி வரும் அதில?”

அதற்கு நிருஷாவிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் தெரியவில்லை. ஒரேயொரு முறை, அம்மா அவித்ததை எல்லோரும் தின்ன வேண்டும். தூணுக்குப் பின்னால் நின்றாவது அதை அவள் பார்க்க வேண்டும். பேர் பிறகு வரட்டும்.

வியாழக்கிழமை விடிய முன்னமே செல்வமலர் அடுப்பை மூட்டிவிட்டாள். வறுத்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை எல்லாம் சேர்ந்து வீடு மணத்தது. ஐம்பது கேட்ட இடத்தில் ஐம்பத்தாறு அவித்தாள். இரண்டை வீட்டுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்பு நெளிந்த அலுமினியச் சட்டியில் அடுக்கி வாழையிலையால் மூடினாள்.

“ஆரு என்ன சொன்னாங்கண்டு வந்து சொல்லணும், என்ன? ஒண்டையும் மறக்கப்படாது.”

“ஓம்.”

“சரியில்லயெண்டு சொன்னாலும் சொல்லு.”

“ஓம் அம்மா.”

“மெய்யாத்தான் டீச்சர் நம்மட பேரப் போட்டவவா?”

நிருஷா குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். ஏற்கெனவே கட்டிய கயிறு. அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினாள்.

பள்ளிக்கூட மதிலுக்கு இந்தப் பக்கம் சட்டி கை மாறியது. கேதுஷா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நிருஷா பத்தடி பின்னால், கையை வீசிக்கொண்டு, தனக்கும் அந்தச் சட்டிக்கும் ஜென்மத்திலும் தொடர்பில்லாதவள்போல நடந்தாள்.

மண்டபத்தில் சுபோதினி டீச்சர் அவளைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “வெள்ளை எங்க புள்ள?”

இதை நிருஷா யோசிக்கவே இல்லை. மோதகத்துக்கு ஒழுங்கு பண்ணியவள் வெள்ளைக்கு ஒழுங்கு பண்ண மறந்துபோனாள். பெரிய பொய்காரருக்கு இருக்கவேண்டிய நிதானம் அவளிடம் இல்லை.

“அம்மா... மறுகா கொண்டு வருவா டீச்சர்.”

அம்மா வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் போன் போடாதே சரஸ்வதித் தாயே என்று மனதுக்குள் கும்பிட்டாள். சரஸ்வதிக்கு அன்றைக்கு நிறைய வேலை போலும்.

பத்து மணிக்கு வண்ணக்கர் கதிர்காமத்தம்பி வந்தார். ஊர்க்கோயிலை நிர்வகிப்பவர், பள்ளிக்கூட விழாவென்றாலும் முன்கதிரை அவருக்குத்தான். வந்தவர் மேலே பார்த்தார்.

“என்ன டீச்சர், அம்மன்ட தலைக்கு மேல ஒண்டையும் காணல்ல? வெறும் ஓடுதான் தெரியிது.”

“கட்டாடி வீட்டில இன்னும் கொண்டு வரல்ல ஐயா.”

“இப்ப அவங்களுக்கும் நேரங்காலமில்ல. கட்டார்க் காசு. சரி, தொடங்குங்க. எனக்கு வாழைச்சேனையில ஒரு கூட்டமிரிக்கு.”

டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நிருஷா மெல்லத் தூணோரம் ஒதுங்கினாள்.

பூசை முடிந்தது. படைத்த பண்டங்களை வாழையிலைத் துண்டுகளில் வைத்துப் பங்கிட்டார்கள். நிருஷா தூணோரம் நின்று சட்டியையே பார்த்தாள். முதல் மோதகம் வண்ணக்கருக்குப் போனது. அவர் அதைச் சுற்றிப் பார்த்தார், கடித்தார், நிறுத்தினார். ஊரில் மூன்று கோயில் அன்னதானம் ருசி பார்த்த வாய் அது.

“அடடே! இதென்ன, பூப்போல இரிக்கு. ஆருட வீட்டது?”

“நம்மட கேதுஷாட வீட்டது ஐயா” என்றார் சுபோதினி டீச்சர், தானே அவித்ததுபோல.

“கந்தோருக்கும் போய்க்கொண்டு இப்பிடி அவிக்கிறாவே! கைராசி.”

அவர் இரண்டாவதை எடுத்தார். அதிபர் ஒன்று எடுத்தார். வகுப்புப் பொடியன் யதுர்ஷன் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்றை அடக்கிக்கொண்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினான். “டீச்சர், அவல எடுத்துக்கிட்டு இன்னுமொண்டு தாறீங்களா?”

எல்லோரும் தின்றார்கள். அம்மாவின் கைபட்டதை, விரல் நக்கி, சிரித்துப் பேசிக்கொண்டு தின்றார்கள். நிருஷாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் சேர்ந்து வந்தது. இதை எப்படி அம்மாவிடம் சொல்லுவது? எந்தப் பேரைப் போட்டுச் சொல்லுவது?

அப்போதுதான் கேதுஷாவைப் பார்த்தாள். கேதுஷாவின் இலையிலும் ஒரு மோதகம் இருந்தது. அவள் கடலையைத் தின்றாள், பழத்தைத் தின்றாள். மோதகத்தை எடுத்தாள், வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு லேஞ்சித் துண்டொன்றில் பொத்திச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த மண்டபத்தில் நிருஷாவை விட்டால் மோதகம் யார் வீட்டது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தின்னாதவளும் அவள் ஒருத்திதான்.

நிருஷா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே சைக்கிள் ஒன்று சாயும் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

“பிந்திப்போச்சு டீச்சர், குறை நினைக்காதீங்க. ரெண்டும் நாங்கதானெண்டு புள்ள சொல்லல்ல.” செல்வமலர் வாசலில் நின்றாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள், பூவும் வைத்திருந்தாள். கையில் மடித்த வெள்ளை.

‘ரெண்டும்’ என்பதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“இனி வந்தென்ன, பூசை முடிஞ்சிட்டே” என்றார் வண்ணக்கர். ஆனால் மூன்று மோதகம் தின்ற மனிதருக்குக் கோபம் அவ்வளவு ஏறாது. “சரி, வந்ததுக்கு வா புள்ள. நீயும் ஒண்டத் தின்னு. கேதுஷாட தாய் அவிச்சது. இப்பிடியொரு மோதகம் நீ திண்டிரிக்க மாட்டாய்.”

சட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். செல்வமலர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அவர் ஒரு சாண் உயரத்திலிருந்து, கை படாமல், அவள் கையில் போட்டார்.

செல்வமலர் மோதகத்தைப் பார்த்தாள். விளிம்பு நெளிந்த சட்டியைப் பார்த்தாள். பிறகு மண்டபம் முழுக்கத் தேடினாள். தூணோரம் நின்ற மகள் கண்ணில் பட்டாள். நிருஷா சட்டென்று பக்கத்துப் பிள்ளைக்குப் பின்னால் ஒதுங்கித் தலையைக் குனிந்தாள்.

அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நின்ற இடத்திலேயே மோதகத்தைக் கடித்தாள். அவசரமில்லாமல் மென்றாள். விழுங்கினாள்.

“உப்பு ஒரு சொட்டுக் கூடிப்போச்சு ஐயா” என்றாள். “விடியக்காலம் அவதியில போட்டது. அடுத்தமுற குறைச்சுப் போடுறன்.”

மண்டபத்தில் வாய்கள் நின்றன. அதிபரின் வாய் நின்றது. வண்ணக்கரின் இடது கன்னம் நாலாவது மோதகத்தோடு புடைத்தபடி நின்றது. படைத்த பண்டம். துப்பினால் தெய்வக் குற்றம். விழுங்கினால் குடும்பத்துக்கு இழுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய மனிதர் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்? யதுர்ஷனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவன் மட்டும் ‘மொச்சு மொச்சு’ என்று மென்றுகொண்டிருந்தான். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

செல்வமலர் வெள்ளையை மேசையில் வைத்தாள்.

“வெள்ளை இந்தா இரிக்கு. இண்டைக்கு ஆரும் கட்டுங்க.”

மிச்சத்தோடு சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மகளைக் கூப்பிடவில்லை. வாசலில் ஒரு கணம் நின்றாள், திரும்பவில்லை. ‘போ, அம்மாவோட போ’ என்று நிருஷாவின் மனது கத்தியது. கால் அசையவில்லை. சைக்கிள் கிறீச்சிட்டுக்கொண்டு தூரம் போனது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வரும்போது நிருஷா ஆகலும் நீட்டு வழியால், வாவிக் கரையைச் சுற்றி வந்தாள். வராமலே இருந்துவிட வழி இருந்தால் அதால் வந்திருப்பாள்.

செல்வமலர் சேட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ திண்டியா?” என்று கேட்டாள், நிமிராமல்.

“இல்ல.”

“அடுப்படியில ரெண்டு இரிக்கு.”

“அம்மா, நான் பொய் சொல்லிட்டன்.”

“தெரியும்.”

“நான்... உங்களோட வரல்ல.”

“பாத்தன்.” அயன் ஒரு கழுத்துப்பட்டியில் ஏறி இறங்கியது.

“கோவமா?”

“கோவிக்க எங்க நேரம்? நேத்து உன்ட கதையக் கேட்டு அயன நிப்பாட்டினன், இன்னும் பதினொரு சேட்டு கிடக்கு.” செல்வமலர் அயனை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு கேட்டாள்: “மெய் சொல்லு. நல்லா இரிக்கெண்டு சொன்னாங்களா?”

“பூப்போலயெண்டு சொன்னாரு.”

“ஆரு?”

“வண்ணக்கர்.”

செல்வமலர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நிருஷா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் வாசிக்க ஓர் அறிவித்தல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் திக்காமல் வாசிப்பவள் நிருஷா. அந்த வாரம் அறிவித்தல் வாசிக்கும் முறையும் அவளுடையது. எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை. டீச்சர் கண்ணைப் பாராமல் தாளை நீட்டினார்.

“மாணவர்களின் சுகாதாரத்தை முன்னிட்டு,” என்று நிருஷா ஒலிவாங்கியில் வாசித்தாள், “இனிவரும் விழாக்களுக்கு வீட்டில் சமைத்த உணவு கொண்டுவருவது தவிர்க்கப்படும். கடையில் வாங்கிய பிஸ்கட், பழவகை மட்டும் ஏற்றுக்கொள்ளப்படும். இப்படிக்கு, அதிபர்.”

எழுநூறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பிஸ்கட்டை யார் பிசைந்தார்கள், யார் சுட்டார்கள் என்று பெட்டியில் எழுதியிருக்காது. அதுதான் சுகாதாரம்.

வாசித்து முடித்தால் தாளை மடித்துக்கொண்டு இறங்கவேண்டும். நிருஷா இறங்கவில்லை. நேற்று அசையாத கால் அது. இன்றைக்கும் அசையாமல் நின்றது நல்லதாய்ப் போயிற்று.

“நேத்து மோதகம் எங்கட அம்மா அவிச்சது,” என்றாள். இது தாளில் இல்லை. “அவட பேர் செல்வமலர். கேதுஷாட பேரச் சொல்லச் சொன்னது நான்தான். அம்மாக்கு ஒண்டும் தெரியா. எல்லாரும் திண்டாங்க. ஒராளுக்கும் ஒண்டும் ஆகல்ல.”

சுபோதினி டீச்சர் ஓடிவந்து ஒலிவாங்கியை நிறுத்தினார்.

ஆறாம் ஆண்டு வரிசை நடுவில் ஒரு சலசலப்பு. கேதுஷா பைக்குள் கையை விட்டாள். லேஞ்சித் துண்டை விரித்தாள். நேற்றைய மோதகம் நசுங்கி, வியர்த்து, ஒரு பக்கம் நிறம் மாறிக் கிடந்தது. யாரும் தடுக்கும் முன்னம் முழுசாக வாயில் போட்டாள். கண்ணில் நீர் முட்ட, நிருஷாவைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

தேங்காய்ப்பூப் போட்ட பண்டம்; ஒரு பகலும் ஓர் இரவும் புழுக்கத்தில் கிடந்தது. அது சும்மா விடுமா? கேதுஷாவுக்கு அன்று மத்தியானமே வயிற்றோட்டம்.

பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வண்ணக்கர் கோயில் வாசலில் நின்று, “நாங்க என்ன சும்மாவா சொன்ன? சுகாதாரமெண்டுதானே சொன்ன!” என்றாராம். நாலு தின்ற அவருடைய வயிறு கல்லுப்போல இருந்ததைப்பற்றி அவரும் பேசவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை. செல்வமலரிடம் அயனுக்குக் கொடுத்திருந்த மூன்று வீட்டார், சேட்டு நனைந்திருந்தாலும் பரவாயில்லை என்று வந்து வாங்கிப்போனார்கள்.

மேசையில் வைத்த வெள்ளை மட்டும் விழா முடியும்வரை அங்கேயே கிடந்தது. அதை அந்த வீட்டார்தான் கட்டவேண்டும் என்பது முறை. வேறு யாரும் தொடவில்லை. சரஸ்வதி மிச்ச நாள் முழுக்க வெறும் ஓட்டுக்குக் கீழேதான் இருந்தாள்.

திங்கட்கிழமை கேதுஷா பள்ளிக்கூடம் வந்தாள். முகம் வற்றியிருந்தது. இடைவேளை மணி அடித்தது. நிருஷா தன் பெட்டியை மடியில் வைத்து, மூடியைத் திறக்காமல் இருந்தாள்.

“இண்டைக்கு என்னடி?” என்றாள் கேதுஷா.

“புட்டும் மீன்கறியும்.” நிருஷா அவளைப் பார்க்கவில்லை. “உனக்கு வயிறு சரியில்லத்தானே?”

“மெய்யாத்தான் சரியில்ல.” கேதுஷா பெட்டியை இழுத்து மூடியைத் திறந்தாள். பின்வாங்கில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி அள்ளினாள். “கொஞ்சம் தள்ளி இருடி. நான் கெதியாத் திண்டுட்டு ஓடணும்.”